ஆகாயத்தில் இருபத்தைந்து நிமிஷம்

நடக்கிறோம். நான் தள்ளுகிறேன். மச்சான் வண்டியில் கிடக்கிறார். விமானப் பயணிகளின் பெட்டி தள்ளும் வண்டி. மணலில் சக்கரம் புதைகிறது. தூக்குகிறேன். மறுபடி புதைகிறது. பின்னால் ஓடுபாதை எரிகிறது. டும். ஏழு எண்ணுவதற்குள் அடுத்த டும்.

சூடானில் ஒரு சின்ன விமான நிலையம். அங்கே மூன்று பேர் கூலி வேலை. நானும் அக்கா புருஷன் ஆறுமுகமும் இலங்கையில் நமுனுகுல தேயிலைத் தோட்டம். ஜோசப் பண்டாரவளை டவுன். நான் ஏழாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன். மச்சானை அங்கே கூட்டிப்போனதும் நான்தான்.

ஆபீஸ் சுவரில் ஒரு பலகை. அடுத்த விமான நிலையம் நூற்றுப் பத்து கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிஷம். ஜோசப் சிரிப்பான். "பசறை பஸ் பதுளையில ஆள் ஏத்தவே அவ்வளவு நேரம் நிக்கும்டா."

புதன்கிழமை. காலை ஐந்து நாற்பது. குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதியது. தோட்டத்தில் சங்கு ஊதினால் ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். பெரட்டு. பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. எங்கள் கால்களுக்கு அதுதான் தெரியும். தூக்கத்தில் எழுந்து ஓடினோம். வெட்டவெளியில் வரிசையாக நின்றோம். ஜோசப் பெரட்டு பார்க்காதவன். நேரே பதுங்குகுழிக்குள் குதித்தான்.

"டேய் தோட்டத்தானுங்களா! நிக்காதீங்கடா! குழிக்கு வாங்கடா!"

நாங்கள் அசையவில்லை. இழுத்துப்போக மேலே ஏறி வந்தான். விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. ஜோசப்பின் இடுப்புக்கு மேலே எதுவும் இல்லை. மச்சானின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே நிற்கிறது. சாரத்தைக் கிழித்துக் கட்டினேன்.

அடுத்த நிலையத்தில் வெளிநாட்டு ஆட்களை விமானத்தில் ஏற்றுகிறார்கள் என்றார்கள். டாக்டர் இருக்கிறார் என்றார்கள். பலகையில் இருந்தது ஆகாயத்தின் தூரம். நிலத்தில் எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆறு நாள். இரண்டாம் நாள் சக்கரம் ஒன்று கழன்றது. மூன்றாம் நாள் புண்ணில் புழு. நான்காம் நாள் துப்பாக்கிக்காரர்கள் பாஸ்போட்டையும் தண்ணீர்க் கேனையும் பிடுங்கினார்கள். என் பல் இரண்டை உடைத்தார்கள். ஆறாம் நாள் மத்தியானம் தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்தது.

"வந்துட்டமா மாப்ள?"

"வந்துட்டோம் மச்சான். அந்தா தெரியுது."

ஓடினேன். வாசலில் ஒரு நர்ஸ் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். போர்வையை முகம் வரை இழுத்துவிட்டாள்.

என்னை ஏற்றிய விமானம் நாங்கள் நடந்து வந்த வழிக்கு மேலேயே திரும்பிப் பறந்தது. ஜன்னலில் பார்த்தேன். பக்கத்து ஆளின் கடிகாரத்தையும் பார்த்தேன். எரிந்த ஓடுபாதை கீழே தெரிந்தபோது இருபத்து நான்கு நிமிஷம். பலகை பொய் சொல்லவில்லை.

நமுனுகுலவில், லயத்து வீட்டு வாசலில் வைத்து அக்காவிடம் சொன்னேன். போனது மூன்று பேர். வந்தது ஒருவன். ஜோசப்பைப் புதைக்க முடியவில்லை. மச்சானை அங்கேயே புதைத்தேன். என் பல் இரண்டு. குண்டுச் சத்தத்தில் இடது காது செவிடு. அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "வண்டியில அவருக்கு ரொம்ப வலிச்சிச்சா?"

மறுநாள் காலை வேலை கேட்டுப் பெரட்டுக்குப் போனேன். சங்கு ஊதியது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புறக் கிடந்தேன். பெண்கள் சிரித்தார்கள். "படுக்கவா வந்தீங்க அண்ணே?"

கங்காணி சிரிக்கவில்லை. "எந்திரிங்க தம்பி. கான் வெட்ட ஆள் இல்ல. மம்பட்டிய எடுங்க."

ஒன்றரை அடி ஆழம் போதும் என்றார். நான் மூன்றடி வெட்டினேன்.