பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்

எனக்குக் காபி நன்றாகப் போட வரும். மனைவி இறந்தபின் கற்றுக்கொண்டது. மைசூர் குவெம்புநகர் வீட்டில் கூடக் குடிக்க ஆளில்லை. அதனால் ஆய்வகத்திலேயே ஒரு ஃபில்டர் வைத்திருந்தேன்.

மகேஸ்வரி பட்டுப்புழு நோய்கள் பற்றி என்னிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள். ஊர் கௌதள்ளி. பிறகு கொள்ளேகாலில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் ஆனாள். வேலை நிரந்தரமாக, ஆய்விதழ்களில் கட்டுரை வந்திருக்க வேண்டும். இதழ்கள் கட்டுரையைத் துறை அறிந்த ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். அவர் யாரென்று எழுதியவருக்குச் சொல்லாது. எங்கள் துறையில் ஆட்கள் குறைவு. அவள் கட்டுரைகள் எனக்கே வந்தன. எழுதியவரைத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது என்று பதில் கொடுப்பேன்.

முதல் கட்டுரையில் உண்மையாகவே குறைகள் இருந்தன. நிராகரிக்கச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே பஸ் பிடித்து மைசூர் வந்து, என் எதிரில் உட்கார்ந்து அந்தக் கருத்துகளை வாசித்துக் காட்டினாள்.

"யாருங்க சார் இந்தாளு? எங்க மாமியாரே தேவலாமுங்க. என்னைக்காச்சும் ஒரு நாள் கொழம்பு நல்லாருக்குதும்பாங்க."

சிரித்துவிட்டேன். அந்த அறையில் சிரிப்பு கேட்டு வெகுநாளாகியிருந்தது. சாயங்காலம்வரை இருவரும் திருத்தினோம். பிறகு வந்த கட்டுரைகளில் குறையைத் தேட வேண்டியிருந்தது. தேடினேன். அவளும் சனிக்கிழமைகளில் வந்தாள்.

கடைசிக் கட்டுரையில் எதுவும் கிடைக்கவில்லை. கரண்ட் போய் ஃப்ரிட்ஜில் இருந்த பட்டுப்புழு முட்டைகள் கெட்டிருக்கலாம் என்று எழுதினேன். கரண்ட் போனது உண்மை. அந்த முட்டைகளைக் கொட்டிவிட்டு முழுச் சோதனையையும் அவள் புதிதாகச் செய்திருந்தாள். அதனால் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த சனிக்கிழமை என் எதிரில் அந்தக் கருத்தை வாசித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"கரண்டு போனத உங்ககிட்ட மட்டுந்தானுங்களே சார் சொன்னேன்" என்றாள்.

டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தொடவில்லை. காபி ஆறிப்போயிற்று. எழுந்து போனவள் விசாரணைக் குழுவான உங்களிடம் புகார் கொடுத்தாள். அதற்குள் அந்த நிரந்தர வேலை ஹேமந்துக்குப் போயிருந்தது.

பெண் என்பதால் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. எனக்கு எல்லா மாணவர்களும் ஒன்றுதான். ஹேமந்தும் என்னிடம் படித்தவன். அவன் கட்டுரைகளும் எனக்குத்தான் வந்தன. சுமாரானவைதான், ஒன்றுவிடாமல் ஏற்கச் சொன்னேன். ஆண்பிள்ளை, அவனைப் போய் எதற்குக் காக்கவைப்பது?