கல்லீரல் இல்லாத ஆளுக்கு மூணு மார்க்

வீரபாண்டியிலிருந்து காலையில் கிளம்பும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பிளஸ் ஒன் மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். "கல்லீரல் இல்லாமயே அஞ்சுக்கு மூணு வாங்கியிருந்தேன், எங்கப்பா கெடுத்துட்டாருடி" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"சீரண மண்டலப் படத்துலயா?"

"ஆமா. கல்லீரலை வரைய மறந்துட்டேன். எங்கப்பா பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறாரல்ல, பேப்பரைப் பாத்துட்டு லீவு போட்டு நேரா மிஸ்கிட்டப் போயிட்டாரு. 'ஒரு கை இல்லாத பனியனை நாங்க பாஸ் பண்ண மாட்டமுங்க, கல்லீரல் இல்லாத ஆளை நீங்க எப்படீங்க பாஸ் பண்ணுனீங்க'ன்னு கேட்டாரு."

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"படத்தை வாங்கி ஒவ்வொரு உறுப்பா எண்ணிப் பாத்தாங்க. அப்பறம் 'நீங்க சொல்றது நாயந்தானுங்க'ன்னு சைபர் போட்டுட்டாங்க. அதோட உடல. எல்லாத்து பேப்பரையும் வாங்கித் திரும்பத் திருத்துனாங்க. பித்தப்பை இல்லாதவ, கணையம் இல்லாதவன்னு பாதி கிளாஸ் பெயில். ஒருத்திகூட எங்கிட்டப் பேசறதில்ல."

மற்றவள் ஸ்டாப்பிங் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்க எழுந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாள்:

"எங்க செக்ஷனுக்கு அந்த மிஸ் நாளைக்குத்தான் பேப்பர் தர்றாங்க. உங்கப்பாவை லீவு போட உடாத, புள்ள. எனக்குச் சிறுகுடல் பாதிதான் இருக்குது."