இரண்டாவது ஆணி

உலகத்தில் ஒழுங்கு என்று ஒன்று மிச்சமிருந்தால், அது எங்கள் ஜுஜுட்சு மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தின் சுவரில் இருக்கிறது. ஆணிகளில் தொங்குகிறது. ஆணிகள் பக்கத்து மீன்கடைக்காரர் கொடுத்தவை. மழைக்காலத்தில் சுவரே கருவாடாக மணக்கும்.

படிவாரியாகப் பெயர்ப்பலகைகள். முதல் ஆணியில் உபுகாத்தா ஆசான், ஒன்பதாம் படி. இரண்டாவதில் நான், நிஷிகோரி, எட்டாம் படி. ஒருவர் இறந்தால் அவர் பலகையைக் கழற்றிவிட்டு மற்றவர்களை ஓர் ஆணி முன்னே நகர்த்துவோம். ஆசானுக்கு எண்பத்தெட்டு வயது. எனக்கே எழுபத்து மூன்று. பயிற்சி நடுவில்கூட என் கண் அந்த முதல் ஆணிக்குப் போய்ப் போய் வரும்.

“நீ எப்பவும் ரெண்டாவதுதான்டா நிஷிகோரி,” என்பார் ஆசான், எல்லார் முன்பும். “பச்சை மீனுக்குப் பக்கத்துல முள்ளங்கித் துருவல் வைப்பாங்களே, அது மாதிரி. யாரும் திங்க மாட்டாங்க. ஆனா இல்லேன்னா தட்டு நல்லா இருக்காது.”

நான் கோபப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

ஜனவரியில், பூஜை மாடத்தில் வைத்த மோச்சியை உடைத்து, சிவப்புப் பயறுப் பாயசத்தில் போட்டுச் சாப்பிடுவோம். மோச்சி என்பது இடித்த சோற்றுக் கட்டிதான், ஆனால் பசைபோலத் தொண்டையில் ஒட்டும். ஆசானின் பங்கைப் பயறளவு நறுக்கித் தருவது என் பொறுப்பு. இந்த வருடம் நறுக்கவில்லை.

“என்னடா, முழுசா கெடக்கு?”

“ஒன்பதாம் படிக்காரருக்குக் கொழந்தைக்கு மாதிரி நறுக்கிக் குடுத்தா நல்லாவா இருக்கும், ஆசானே?”

“இப்பத்தான்டா உனக்கு மரியாதை தெரியுது,” என்று வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் முகம் நீலமாயிற்று. யாரும் எழவில்லை. எங்கள் கூடத்தில் படியில் மூத்தவர் எழாமல் இளையவர் எழக்கூடாது. ஐந்தாவது ஆணிக்காரரான தொகாஷி அம்மாள் ஆஸ்பத்திரி நர்ஸ். எழுவதற்காக ஒரு முழங்காலைத் தூக்கினார். “நிஷிகோரி ஐயா…” என்றார். நான் மலைபோல் அமர்ந்திருந்தேன். அவரும் அமர்ந்துவிட்டார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவன் நான்.

கொன்றதும் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் படிகள் தரும் ஜுஜுட்சு சங்கம் இறந்தவருக்குப் பத்தாம் படி வழங்கிவிட்டது. பத்தாம் படிக்காரரின் பலகையை எந்நாளும் கழற்றக்கூடாது என்பது விதி. நான் இன்னும் இரண்டாவது ஆணியில்தான்.

“கடைசி நேரத்துலகூட மனசு எளகலையா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன், இதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம். இளகியது. எழப் பார்த்தேன். வெகுநேரம் முழங்கால் மடித்து உட்கார்ந்ததில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.