டிராகனின் விலா எலும்பு

— ச்சீ, அத அந்தாண்ட எடுடா நிலவா. மீன் முள்ளு எடுத்துக்கிட்டிருக்கேன், இன்னாத்தையோ கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுற.

— மாட்டு டாக்டர் நீ. சாணிக்குள்ள கைய வுட்டுட்டு வந்து சோறு துன்றவ. லேப்டாப்புல இருக்குற எலும்புக்கூட்ட பாத்தா கொமட்டுதா உனக்கு?

— சாணி சுத்தம்டா. அது எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். இது இன்னா ஜென்மம்?

— டிராகன்க்கா. கேம்ல ஒரு பாலைவனம் வரும், அதுல செத்துக் கெடக்கும். ஹீரோ அதோட நெஞ்சுக்கூட்டுக்குள்ள பூந்து அந்தாண்ட போவான். ஜெர்மன்காரன் கம்பெனி. அனாட்டமி தப்புன்னு ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டான். இந்த வாட்டியும் திரும்பி வந்துச்சுன்னா ஆபீஸ்ல எனக்கு சீட்டு கிழிஞ்சிடும். சங்கவிக்கா, ப்ளீஸ். எது எது தப்புன்னு மட்டும் சொல்லு.

— உனக்கா சீட்டு கிழிப்பான்? லாஸ்பேட்டை ஆபீஸுக்கே பால் வாங்கி ஊத்துனவனாச்சே நீ. தெனம் காலையில பாக்கெட்டும் கையுமா கெளம்புவியே.

— அது போன தீபாவளி சமயம்க்கா. டீக்கு. இப்பல்லாம் இல்ல. நீ எலும்பப் பாரு.

— எது சரின்னு கேளு, சீக்கிரம் முடிஞ்சிடும். நாலு காலும் இருக்கு, ரெக்கையும் இருக்கு. ரெக்கைய எதுல மாட்டியிருக்க? அதுக்குத் தோள்பட்டை எலும்பு எங்க? முதுகுத்தண்டுல பசை போட்டு ஒட்டுனாப்புல நிக்குது.

— ரெக்கை வேணும்னு கேட்டான்.

— தாடைக்கு மூட்டே இல்ல. வாயத் தொறந்தா தாடை தரையில வுழும். பல்லு... கருமம், இது மனுசப் பல்லுடா. கடவாப் பல்லு கூட அப்படியே.

— நெட்ல ஃப்ரீயா கெடச்சுது.

— நெஞ்செலும்பே இல்லாம விலாவெல்லாம் அந்தரத்துல தொங்குது. இடுப்பு வரைக்கும் விலா. இது எப்படி குனியும், எப்படி திரும்பும்? வயித்துக்கு எடமே வுடல. துன்றத எங்க வெச்சுக்கும்? எனக்கு நெஜமாவே கொமட்டுது. இந்தத் தட்ட எடுத்து அந்தாண்ட வெய்யி.

— விலா எலும்பு மட்டும் அவனுக்குப் புடிச்சிருக்குக்கா. நெஜ எலும்பு மாதிரியே இருக்குன்னு எழுதியிருந்தான்.

— எங்க, பெருசு பண்ணு. ம்... இத நீயா செஞ்ச?

— ஏன்?

— ஒடஞ்சு ஒட்டியிருக்கு பாரு, இந்த மூணு விலாவும். ஒட்டுன எடத்துல முடிச்சு போட்டாப்புல பொடச்சிருக்கு. செத்தப்புறம் ஒடஞ்சா சுள்ளி ஒடஞ்ச மாதிரி கூரா நிக்கும். அடிபட்டு மூணு வாரமாவது உசுரோட இருந்தாதான் இந்தப் பொடைப்பு வரும். ஆனா கூத்தப் பாரு. வலது பக்கமும் அதே மூணு, அதே எடம், அதே முடிச்சு. எந்த மிருகத்துக்குடா ரெண்டு பக்கமும் அச்சு எடுத்தாப்புல ஒடயும்?

— அது மிரர்க்கா. நாங்க ஒரு பக்கம்தான் செய்வோம். அப்படியே திருப்பிப் போட்டா மறுபக்கம் வந்துடும். பாதி வேல மிச்சம். அதான் தப்பா? மாத்திடறேன்.

— அந்த ஒரு பக்கத்த யாரு செஞ்சா? மூணு வாரத்து ஒட்டு எப்படி இருக்கும்னு உனக்கு இன்னா தெரியும்?

— நெஜ எலும்ப ஸ்கேன் பண்ணேன். சுத்திச் சுத்தி போன்ல போட்டோ எடுத்தாலே போதும். குருசுக்குப்பம் பீச்சுல கெடந்துச்சு. ஆட்டு எலும்பு.

— ஆட்டு விலா பட்டையா இருக்கும். தெனம் பாக்குறவகிட்ட கத வுடாத. இது நாயி.

— நாயா இருக்கும். எதா இருந்தா இன்னா, எலும்புதான.

— தொடை எலும்பக் காட்டு.

— அதுல ஒண்ணுமில்லக்கா.

— காட்டுடா. ஓட்டை. வரிசையா அஞ்சு ஓட்டை. தகடு வெச்சு ஸ்க்ரூ போட்ட ஓட்டை. மேலேர்ந்து ரெண்டாவது மட்டும் கோணலா இருக்கு.

— பூச்சி அரிச்சிருக்கும்.

— என் கை நடுங்குன கோணல்டா அது. நான் பண்ண மொத ஆபரேஷன். காலு ஒடஞ்ச நாய்க்குட்டிய மடியில வெச்சுக்கிட்டு நீதான் அழுத. இது நம்ம ஷூஷூ.

— அக்கா...

— தீபாவளி வெடிக்கு பயந்து ஓடிப்போச்சுன்ன. முத்தியால்பேட்டை பூரா அது போட்டோவ ஒட்டுனோம். பசை வாளிய நீதான் தூக்கிக்கிட்டு வந்த. இன்னிக்கும் நான் கேட்டுக்குத் தாழ்ப்பா போடாமதான் படுக்குறேன், வந்தா தள்ளிக்கிட்டு வரட்டும்னு.

— ஆபீஸ் வேன ரிவர்ஸ் எடுத்தேன்க்கா, லைசென்ஸ் இல்லாம. அடியில படுத்திருந்தத பாக்கல. உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? ஆபீஸ் பின்னாடி பொதைச்சுட்டேன்.

— பொதைச்சதத் தோண்டி, கழுவி, தகட்டக் கழட்டி வீசிட்டு, இந்தக் கருமத்துக்குக் கொண்டாந்து மாட்டியிருக்க. கைய எடு. என்னத் தொடாத. உன் பக்கத்துல உக்காந்து சோறு துன்னேன் பாரு, அத நெனச்சாதான் கொமட்டுது.

— வேல போயிடும்னு பயம்க்கா. நெஜ எலும்பு மாதிரி வேணும்னான், எங்க போவேன் நானு. ஆனா சத்தியமா சொல்றேன், அது கஷ்டப்படல. வண்டி ஏறுன அந்த நிமிஷமே போயிடுச்சு.

— செத்த ஒடம்புல விலா ஒட்டாது நிலவா. எங்கிட்ட இருந்தவரைக்கும் அதுக்கு விலா ஒடஞ்சதும் இல்ல. ஆபீஸுக்குன்னு தெனம் வாங்கிட்டுப் போனியே, அந்தப் பால யாருடா குடிச்சா?