நிமிடத்துக்குப் பதினாறு

'பதினாறுன்னு போட்டுடலாம். யாரு வந்து எண்ணப் போறாங்க?'

நோரீன் மனத்துக்குள் நினைத்தது அவ்வளவுதான். எங்களுக்கு அதைச் சொன்னவள் பெக்கி. நோரீன் அவளுக்கு நாத்தனார்; நாங்கள் படிக்கும் இதே இரண்டாண்டுக் கல்லூரியில் நர்ஸ் படிப்பை எங்களுக்கு முன்னால் முடித்தவள். மறுநாள் எங்களுக்குத் தேர்வு. பயிற்சி அறையில், நோயாளியாகப் படுக்கவைத்த ரப்பர் பொம்மையின் கட்டிலை ஒட்டி, நான்கு பேரும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டியிருந்தோம்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா," என்றாள் பெக்கி.

"அதான் மூணு பேர்கிட்ட மட்டும் சொல்றியாக்கும்?" என்றாள் டாமி.

"சும்மா இருடி. கேளு."

நோரீனுக்கு முதியோர் இல்லத்தில் பயிற்சி. கடைசி மூன்று வாரம். காலை ஆறே முக்காலுக்குள் ஒவ்வொருவர் நாடியையும் மூச்சையும் எண்ணித் தாளில் எழுத வேண்டும். மூச்சுக்கு முழுதாக ஒரு நிமிடம் பக்கத்தில் நிற்க வேண்டும்... யார் நிற்கிறார்கள்? நாங்களும் எண்ணாமலே, யாருக்கும் இருக்கிற அளவுதானே என்று பதினாறு எழுதியிருக்கிறோம். பெக்கி இந்த இடத்துக்கு வந்தபோது எங்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் அறையில் டாக்கெட். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் கிடந்த கிழவர். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விளக்கைப் போட்டால் திட்டுவார். ராத்திரி முழுக்கக் கோழி வெட்டும் ஆலையில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த நோரீன், வாசலிலேயே நின்று, முந்தைய நாள் தாளைப் பார்த்து நாடியை எழுதினாள். மூச்சு, பதினாறு. கையெழுத்து.

ஏழரைக்கு அவர் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். உடலைத் துடைக்கும் வேலை நோரீனுக்கே வந்தது. விரல்கள் விறைத்திருந்தன... முக்கால் மணி நேரத்தில் விரல் விறைக்காது. அவள் எழுதியபோதே அவருக்கு மூச்சு இல்லை. போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள். பொய்யாக எழுதினாள் என்று தெரிந்தால் அன்றைக்கே படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அடுத்த வியாழன். அதிகாலை நாலே முக்கால். ஆலையிலிருந்து மலையைச் சுற்றி வரும் பாதை. பனிமூட்டம். நோரீனின் காரைத் தவிர வேறு வண்டியே இல்லை.

முதலில் வாசனை... நனைந்த கரித்தூள், நெஞ்சில் தடவும் தைலம். பிறகு பின் இருக்கையில் சத்தம். ஓர் இழுப்பு. விடும்போது மெல்லிய விசில். ரேடியோவை அணைத்தாள். அது நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் அவள் விரல் தானாகத் தட்டி எண்ணியது.

பதினாறு.

மறுபடி எண்ணினாள். கூடவில்லை, குறையவில்லை.

வண்டியை ஓரம் கட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ணு..."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை என்றாளாம்.

"மூச்சு விட்டு விட்டு அலுத்துப்போச்சு கண்ணு. நிறுத்தலாம்னா முடியல. நீ எழுதினபடியே வந்துக்கிட்டிருக்கு. போய்ச் சொல்லி அந்தத் தாளை மாத்திடும்மா... நான் போறேன்."

இரண்டு வருடம். தூங்காத ராத்திரிகள். குளிர்பெட்டிக் கதவில் மகள் வரைந்து ஒட்டியிருந்த படம்: வெள்ளை உடுப்பில் அம்மா. கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது. பின்னால் விசில். இழுப்பு. விசில்.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னால முடியாதுங்க, மிஸ்டர் டாக்கெட்," என்றாள், மெதுவாக.