கொட்டகையில் உப்புத்தாள் சத்தம்

நவம்பர் மாதம். மாலை ஐந்து மணிதான்... ஆனால் உலகத்தின் வடகோடியில் இருக்கிற நம் பக்கத்தில் நவம்பரில் ஐந்து மணி என்றால் எப்படியிருக்கும், உங்களுக்கே தெரியும். கும்மிருட்டு. கடலை ஒட்டிப் போகிற பாதையில் தோர்டிஸ் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். பாதை முடிகிற இடத்தில் அவள் வீடு. அதற்கப்பால் பாறை, தண்ணீர்... வேறொன்றும் இல்லை.

என்னோடு மீன் ஆலையில் வேலை பார்த்தாளே பிரிட், அவளுடைய ஒன்றுவிட்ட அக்காதான் இந்தத் தோர்டிஸ்.

வாசலுக்கு வந்தபோது கொட்டகைக்குள்ளிருந்து சத்தம். சர்ர்... சர்ர்... ஈர உப்புத்தாளைத் தகரத்தில் தேய்க்கிற சத்தம்.

உள்ளே நின்றது அவள் அப்பா ஹால்வரின் பழைய கார். அவர் அந்த வருஷம் வசந்தத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தார். படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவரைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, துடைத்துவிட்டது தோர்டிஸ். தம்பி ஐவினுக்கு நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. அடக்கத்துக்கு வந்தான், மறுநாளே போய்விட்டான். கார் உனக்குத்தான் என்று அப்பா அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். அதனால்தான் துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, சாம்பல் நிறப் பிரைமர் அடித்திருந்தாள். பழைய பச்சை வேண்டாம், மஞ்சள் அடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. ஆனால் பானெட்டில் பிரைமர் வழிந்து தடித்திருந்த இடமெல்லாம் வழவழவென்று தேய்த்துவிடப்பட்டிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. அப்பாவின் புகையிலை வாசனை வேறு...

பயந்து ஓடியிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா உதவிக்கு வந்திருக்கிறார் என்று. அன்றிலிருந்து கொட்டகையில் ஒரு கோப்பை காபி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

அடுத்த விடுமுறையில் ஹீட்டரைப் போட்டு, தூசி எழாமல் தரையை நனைத்து, மஞ்சள் அடித்தாள். மறுநாள் வேலை விட்டு வந்து பார்த்தால்... ஒரு துளி மஞ்சள் இல்லை. அத்தனையும் சுரண்டப்பட்டுத் தரையில் கிடந்தது.

நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கேட்டே விடுவோம் என்று அன்றைக்கு அங்கேயே காத்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு, பெயிண்ட் வாடைக்காக முகமூடியை மாட்டிக்கொண்டு, சுவரோரமாக. முகமூடிக்குள் அவள் மூச்சுச் சத்தம் மட்டும்... பிறகு இன்னொரு மூச்சு. அப்பாவின் இழுப்பு. அவளுக்குத் தெரியாத இழுப்பா அது?

சில்லென்று ஒரு கை அவள் முகமூடியைத் தடவியது.

"ஐவின்... வந்துட்டியாடா?" இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் கேட்டிராத கனிவு அந்தக் குரலில். "உன் காரை அவ கெடுத்து வெச்சிருக்கா. நான் சரி பண்ணிடறேன்."

அந்தக் குரலே தொடர்ந்தது.

"அவகிட்ட சும்மாதான் சொல்லி வெச்சேன். இல்லன்னா என்னை விட்டுட்டுப் போயிருப்பா."

"அப்பா... நான் தோர்டிஸ்ப்பா."

கை விலகியது. பிறகு... சர்ர்... சர்ர்...

அதற்குப் பிறகு அவள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. கார் உன்னுடையது, வந்து எடுத்துக்கொண்டு போ என்று தம்பிக்குப் போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தான். கதவைத் திறந்தால்... கார் முழுக்கப் பளபளவென்று கரும்பச்சை. எங்கும் ஒரு சொட்டு வழிசல் இல்லை. அவள் பச்சைப் பெயிண்ட் வாங்கவே இல்லை.

"சூப்பரா அடிச்சிருக்கியேக்கா," என்றான் ஐவின். "எனக்காகவா?"

அவள் சாவியை அவன் கையில் வைத்தாள்.

வண்டியைக் கிளப்பினான். பக்கத்து இருக்கையின் ஜன்னல் திறந்திருந்தது. என்ன இருந்தாலும் தம்பியாயிற்றே... வழியனுப்ப அருகே போய்க் குனிந்தாள். ஐவினின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. பக்கத்து இருக்கை காலி.

ஜன்னல் கைப்பிடி மட்டும் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. கிர்க்... கிர்க்... கண்ணாடி மெல்ல மெல்ல ஏறி, அவள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.