மாரிசெல்வி எழுதிய திருத்தம்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி அவர்களே, அறிவுக்கு அரியணை இடும் சங்கரன்கோவில் சான்றோர்களே, பூப்பறித்த களைப்போடு வந்து முன்வரிசை பிடித்திருக்கும் தாய்மார்களே, கரிவலம்வந்தநல்லூர் கடைசி பஸ்ஸைக் கைவிட்டுக் காத்திருக்கும் காளையர்களே, உங்கள் அனைவர் அன்புக்கும் என் வணக்கம்!

முப்பது ஆண்டுகள் மேடை கண்டவன் நான். மைக் நின்றபோதும் நிறுத்தாதவன், மழை கொட்டியபோதும் நிறுத்தாதவன், இன்று எழுதி வந்ததை வாசிக்காமல் நிற்கிறேன்! ஏன்?

எதற்குக் கூடினோம்? விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஆராய்ந்து, மனிதர் கண்டதிலேயே மிகத் தொலைவான விண்மீன் திரளை நம்மூர் மாரிசெல்வி கண்டுபிடித்தார் என்று கூடினோம். வாழ்த்துமடல் எழுதியவன் அடியேன். 'தொலைவின் தொலைவைத் தொட்ட தூயவளே' என்று தொடங்கி ஐந்து வரி. சட்டம் போட்டு, சற்றுமுன் அவரிடமே பெருமையாகக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"இத வாசிச்சிராதீங்க அண்ணாச்சி. அது அவ்வளவு தூரத்துல இல்ல. தூசி எங்கள ஏமாத்திட்டு. நேத்தே ஆராய்ச்சிப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிட்டேன்."

இடி விழுந்ததுபோல் உட்கார்ந்துவிட்டேன். தூசியாவது, ஏமாற்றுவதாவது!

போன மாதம் இளையரசனேந்தல் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தேன். மக்காச்சோளம் அடித்த தூசி சாலையை மூடியிருந்தது. அதற்குள் மங்கலாய்ச் சிவந்து ஒரு விளக்கு. வெகுதூரத்தில் என்று விரட்டினேன். பத்தடியில் நின்றது டிராக்டர்! சிரிக்காதீர்கள், முழங்கை இன்னும் ஆறவில்லை. அதே கதைதான் ஐயா வானத்திலும். தொலைவிலிருந்து வரும் ஒளி சிவக்கும். தூசிக்குள்ளிருந்து வரும் ஒளியும் சிவக்கும். ஒளியை நிறம்நிறமாகப் பிரித்துப் பார்த்த பிறகே, அந்தத் திரளில் தூசி மண்டிக் கிடப்பது புரிந்திருக்கிறது. ஆயிரத்து முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி என்றார்கள். உண்மையில் ஆயிரத்து இருநூற்றைம்பது கோடிதான்.

என்ன தாயே? நூறு கோடி வருஷம் முன்னேபின்னே இருந்தால் என்ன என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்! "முதல் நட்சத்திரம் எப்பப் பொறந்துச்சுங்கற கணக்கே தப்பாப் போகும் அண்ணாச்சி" என்றார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சியைக் கேளுங்கள். அவருடைய ஆராய்ச்சி வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று மேலதிகாரிகள் அடுத்த வாரம் முடிவு செய்யப்போகிறார்கள். இந்தக் கண்டுபிடிப்பை நம்பித்தான் அந்த வேலை. அவர் தாய் பிச்சம்மாள் என் எதிரிலேயே கேட்டார்.

"வேற யாருக்கும் தெரியாதுல்லா மக்கா? ஒரு வாரம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரியும்லாம்மா."

அவ்வளவுதான் சொன்னார். ஆர்ப்பாட்டம் இல்லை, அழுகை இல்லை. பொய்யைப் பொன்னாடை போர்த்தி அழைத்து வருகிற மேடைகளில் பேசிப் பேசிப் பழகியவன் நான்!

தலைவர் என் காதில் சொன்னார்: "பிளெக்ஸ் வச்சாச்சு, பட்டாசு வாங்கியாச்சு. மடல வாசிச்சிரும்வே!" மன்னியுங்கள் அண்ணாச்சி, என்னால் முடியாது. தன் பிழைப்பே போகும் என்று தெரிந்தும் ஒரு பெண் தன் தவறை உலகத்துக்கு எழுதுகிறாள். அவள் முன்னால் நின்று, தவறென்று தெரிந்த வரியை நான் முழங்கலாமா? வாங்கிய பட்டாசை வெடியுங்கள். வெடிக்க இதைவிட நல்ல காரணம் இந்த ஊருக்கு எப்போது வாய்த்தது?

சட்டத்தைக் கழற்றி, ஐந்து வரியையும் என் பேனாவாலேயே அடித்துவிட்டேன். இதோ பாருங்கள்! அடிக்க முடியாமல் மிஞ்சியது தலைப்பில் இருக்கும் ஒரே ஒரு சொல். எல்லோரும் எழுந்து நில்லுங்கள், அதை மட்டும் வாசிக்கிறேன்.

மாரிசெல்வி!

வாருங்கள் அம்மா, வாங்கிக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்ட பெருமக்களே, நன்றி. கைதட்டல் எனக்கு வேண்டாம், அவருக்குத் தட்டுங்கள். வணக்கம்.